என் கிணறுகளுக்கு எதிராக என் மகள் பேச அனுமதி வேண்டி

அனுப்புநர்
கிளீட்டஸ் டிரைலிங்,
பாசன விவசாயி (ஆழ்துளைக் கிணறுகள் நான்கு, அவற்றில் தண்ணீர் தருபவை மூன்று),
வடக்குச் சாலை, ஆல்டன்ஃபெல்ட்,
ஷெல்பர்ன் கவுண்டி, கன்சாஸ்.

பெறுநர்
முனைவர் கென்ட் ஸ்டக்கி அவர்கள்,
பள்ளிகளின் கண்காணிப்பாளர்,
ஷெல்பர்ன் கவுண்டி ஒருங்கிணைந்த பள்ளி நிர்வாகம்,
ஆல்டன்ஃபெல்ட்.

பொருள்: ஆல்டன்ஃபெல்ட் உயர்நிலைப் பள்ளி விவாத அணி – மாநிலப் போட்டி – ஒரு தரப்பை மட்டுமே பேச வேண்டும் என்ற தங்கள் உத்தரவை வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக உத்தரவு, நாள்: 5 ஜனவரி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் காணும் உத்தரவை நான் புதன்கிழமையே படித்துவிட்டேன். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை என் மனைவி ஜனீன் வாங்கிப் பார்த்துவிட்டு, கண்காணிப்பாளருக்கு எழுதுகிற முறையா இது என்று கேட்டு அடுப்பில் போட்டுவிட்டார். ஆகவே வார இறுதி கழியும்வரை பொறுத்து, இன்று மரியாதையாக எழுதுகிறேன். ஆங்காங்கே மரியாதை குறைந்தால் அது என் குறை, என் மகளின் குறை அல்ல.

1. என் மகள் டெலேனியும், அவளுடைய வகுப்புத் தோழி இட்செல் பராசாவும் நமது பள்ளி விவாத அணியின் ஜோடி. இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு. இட்செலின் பெற்றோர் இருவரும் இறைச்சி ஆலையில் வேலை செய்பவர்கள். இந்த இரண்டு பெண்களும் டிசம்பர் தொடக்கத்தில் நடந்த மண்டலப் போட்டியில், நம்மைவிடப் பத்து மடங்கு பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைத் தோற்கடித்து மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். நம் கால்பந்து அணி தோற்று வந்தால்கூட ஊர் எல்லையில் தீயணைப்பு வண்டி நின்று சைரன் ஊதி வரவேற்கும். இவர்கள் வென்று வந்த அன்று ஒரு சைக்கிள் மணிகூட அடிக்கவில்லை. நானே என் கோதுமை லாரியை எடுத்துப் போய் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நிறுத்தி, பள்ளி வேன் கடந்து போகும்வரை ஹாரன் அடித்தேன். வேனுக்குள் என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள் என்று பிறகு அறிந்தேன். பெருமையை அடக்கிக்கொண்டு மனு எழுதும் வித்தை எனக்குத் தெரியாது, அடக்காமலே எழுதுகிறேன்.

2. இந்த ஆண்டு இவர்கள் எடுத்து வாதிடும் கேள்வி, நிலத்தடி நீரை இறைப்பதைப் பாதியாகக் குறைக்கச் சட்டம் வேண்டுமா என்பது. போட்டியின் முறை என்னவென்றால், ஒரு சுற்றில் ஒட்டிப் பேசும் அதே ஜோடி அடுத்த சுற்றில் வெட்டிப் பேசியாக வேண்டும். எது எப்போது என்பதைப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில்லை. காலையில் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அது சொல்லும். தங்கள் உத்தரவோ, கவுண்டியின் வாழ்வாதாரமான பாசனத்துக்கு எதிரான தரப்பை நம் மாணவர்கள் எந்தப் பொது மேடையிலும் பேசக் கூடாது, மற்றத் தரப்பைப் பேச ஆட்சேபணை இல்லை என்கிறது. போட்டிக்கும் போகலாம், வேனும் உண்டு, ஆனால் பாதிச் சுற்றுகளில் வாயைத் திறக்காமல் தோற்றுவிட்டு வர வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இது தெரிந்து எழுதப்பட்டதா தெரியாமல் எழுதப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

3. உத்தரவுக்குக் காரணமான அந்த மாலையைப் பற்றித் தங்களுக்குப் பிறர் சொல்லியிருப்பார்கள். முன்வரிசையில் இருந்தவன் என்ற முறையில் நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், தேவாலயக் கூடத்தில் ஊர்க்காரர்களுக்காக ஒரு மாதிரி விவாதம் நடத்தினார்கள். பாதிரியார் நாணயத்தைச் சுண்டினார். டெலேனிக்கும் இட்செலுக்கும் ஒட்டிப் பேசும் தரப்பு விழுந்தது, அதாவது இறைப்பைக் குறைக்க வேண்டும் என்ற தரப்பு. கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போர் போட்டு மக்காச்சோளம் விளைவிப்பவர்கள். கையில் இருந்த, முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த ரொட்டியைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குறுக்குக் கேள்வி நேரம் வந்தது. எதிர்த்தரப்பில் நின்ற பதினோராம் வகுப்புப் பையன், தண்ணீர் குறைகிறது குறைகிறது என்கிறாயே, இந்தக் கவுண்டியில் குறைந்திருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று மடக்கினான். நல்ல கேள்வி. என் மகள் தாளைப் புரட்டவில்லை.

"எங்க வடக்குப் போரு ரெண்டு வருஷமா காத்தத்தான் இழுக்குது. எங்கப்பா இங்கதான் ஒக்காந்திருக்காரு, வேணும்னா கேட்டுக்கோ" என்றாள்.

ஐயா, தாங்கள் இந்தக் கவுண்டிக்குப் புதியவர். இங்கே ஒருவன் தன் கடனைச் சொல்வான், மூலநோயைச் சொல்வான், போர் வற்றியதை மட்டும் சொல்ல மாட்டான். சொன்னால் நிலத்தின் மதிப்பு இறங்கும், வங்கிக்காரர் குரல் மாறும். வயலில் வட்டம் சுற்றும் தெளிப்பான் ஓடாமல் நின்றால் கியர் பழுது, பாகம் வரவேண்டும் என்போம். கேட்பவரும் ஆமாம், பாகம் கிடைப்பது கஷ்டம்தான் என்பார். நானும் இரண்டு வருடமாக அந்தப் பாகத்துக்காகக் காத்திருப்பவன்தான். என் மகள் அதைச் சபையில் போட்டு உடைத்ததும் எனக்குச் சுருக்கென்றது. காது கொதித்தது. பையன் என்னைப் பார்த்தான், பிறகு கூடமே என்னைப் பார்த்தது. நான் தலையசைத்தேன். அவள் சொன்னது உண்மை, வேறு என்ன செய்ய?

முடிந்து வெளியே வந்தபோது, வண்டிகள் நின்ற இடத்தில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக என் பக்கம் ஒதுங்கினார்கள். பெயர்களைத் தாங்கள் கேட்டாலும் தரமாட்டேன். அவர்களில் ஒருவருடன் நான் முப்பது வருடமாக அறுவடை இயந்திரம் பகிர்ந்துகொள்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றி மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"கிளீட்டஸ், எனக்கும் கியரு ரிப்பேர் இல்லப்பா" என்றார்.

நிலத்தடி நீரைப் பற்றி அரசு அதிகாரிகள் வந்து படம் போட்டுக் காட்டிய கூட்டங்களுக்கெல்லாம் நான் போயிருக்கிறேன். அங்கே யாரும் வாய் திறந்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினேழு வயதுப் பெண் ஒரு நாணயம் விழுந்த பக்கம் நின்று பேசியதால் இது நடந்தது.

4. பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினரும், மேற்கு எல்லையில் எனக்கு அடுத்த பண்ணைக்காரருமான திரு. வெர்ஜில் ஊன்ரூ என்னிடம் வரவில்லை, தங்களிடம் புகார் செய்தார். அது அவர் உரிமை. மறுவாரம் தானியக் கூட்டுறவுச் சங்கத்தில், காலைக் காபிக்குக் கூடும் அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் என்னைக் கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன். "வளத்த பொண்ணே ஒம் போர மூடச் சொல்லுது. நீ என்னடான்னா கை தட்டிக்கிட்டு ஒக்காந்திருந்த. வெக்கமா இல்ல ஒனக்கு?" என்றார். இல்லை என்றேன்.

அவருக்குச் சொன்னதையே தங்களுக்கும் சொல்கிறேன். அன்று நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால், இதே பெண் இதே கூடத்தில் எழுந்து, இறைப்பைப் பாதியாக்கினால் முதலில் விதைக்கடை மூடும், அப்புறம் மருத்துவமனை, அப்புறம் பள்ளிக்கூடம், கடைசியில் தேவாலய மணியை அடிக்க ஆள் இருக்காது என்று பேசியிருப்பாள். ஊன்ரூ கண்ணைத் துடைத்திருப்பார். மண்டலப் போட்டியின் கடைசிச் சுற்றில் அவள் அதைத்தான் பேசினாள், அதைப் பேசித்தான் வென்றாள். அதற்காக யாரும் தங்களுக்கு நன்றி எழுதியதாகத் தெரியவில்லை. விவாதக்காரர் வாயில் வருவதை அவர் நெஞ்சில் இருப்பதாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே நேர்ந்த பிழை. அவள் மனதில் என்னதான் இருக்கிறது என்று தகப்பன் என்ற முறையில் நானே கேட்டுப் பார்த்தேன். "இன்னும் முடிவு பண்ணலப்பா. ரெண்டு பக்கமும் ஜெயிச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் தோத்தும் இருக்கேன்" என்றாள். நம் கவுண்டியில் இந்த விஷயத்தை இவ்வளவு யோசித்த ஆள் வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்தவும்.

5. நான் ஒன்றும் தெரியாமல் பெண்ணுக்குப் பரிந்து பேசுவதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. நம் ஊரில் போட்டி நடக்கும்போது பெற்றோரும் வியாபாரிகளும்தான் நடுவர்களாக உட்காருகிறோம். சொந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உட்காரக் கூடாது. நவம்பரில் அணியின் ஆசிரியை திருமதி லோரெட்டா வைகல் என்னை இழுத்து வந்தார். நடுவர்களுக்குச் சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பும், பட்டைத் தூள் போட்ட இனிப்புச் சுருள் ரொட்டியும் உண்டு என்றார், அதனால் வந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. நான் நடுவராக உட்கார்ந்த அறையில் நகரத்துப் பையன்கள் இருவர் இறைப்பைக் குறைக்க வேண்டும் என்று பேசினார்கள். அவர்கள் மண்வெட்டியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். எதிர்த்தரப்பில் பக்கத்துக் கவுண்டிப் பெண்கள், விவசாயி வீட்டுப் பிள்ளைகள், என் தரப்பு. மனதுக்குள் அவர்களுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் பையன்கள் வைத்த மூன்று வாதங்களில் இரண்டுக்கு அந்தப் பெண்கள் பதிலே சொல்லவில்லை.

தீர்ப்புத் தாளில் காரணம் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். "இவர்கள் சொன்னதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. இவர்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இவர்களே வென்றார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சொந்தக் கிணறுகளுக்கு எதிராக நானே வாக்களித்துவிட்டு வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இறைப்பைக் குறைக்கும் சட்டம் வருவதை நான் இன்றும் எதிர்க்கிறேன், நாளையும் எதிர்ப்பேன். இருந்தாலும் இந்த வசந்தத்தில் என் வடக்கு வயலில் மக்காச்சோளம் போடப்போவதில்லை, மானாவாரிச் சோளம் போடுகிறேன். கியர் பழுது என்று இனி யாரிடமும் சொல்வதாக இல்லை.

6. உத்தரவின் இரண்டாம் பத்தியில், விவாதப் போட்டியின் அழுத்தம் மாணவர்களின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் மறுக்கப்போவதில்லை. இட்செல் ஒவ்வொரு போட்டியிலும் முதல் சுற்றுக்கு முன் வாந்தி எடுக்கிறாள். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்ப் பேசுகிறாள். என் மகள் நாக்குப் புரள வேண்டும் என்று பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தமாகப் படிப்பவள். எங்கள் வீட்டில் பல் படாத பேனா கிடையாது. அக்டோபரில் ஒரே ஒரு வாக்கில் தோற்ற அன்று, வீடு வந்து சேரும்வரை பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாப்பிடச் சொன்னால் சண்டை, படுக்கச் சொன்னால் சண்டை. சீப்பில் முடி கொத்தாக வருகிறது என்று ஜனீன் என்னிடம் காட்டினார். போதும் டெலேனி, விட்டுவிடு, உனக்கு என்ன தலையெழுத்தா என்று நானே கேட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"அங்க எட்டு நிமிஷம் யாரும் குறுக்க பேச மாட்டாங்கப்பா. நான் சொல்றத ஒண்ணு விடாம எழுதிக்கிறாங்க. எழுதி வச்சுக்கிட்டுத்தான் மறுத்துப் பேசுறாங்க. இந்த ஊர்ல வேற எங்கப்பா எனக்கு அது நடக்குது?"

எங்கள் வீட்டில் நடப்பதில்லை. அது எனக்குத் தெரியும்.

இட்செலைப் பற்றியும் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது அந்தப் பெண் தன் பேருக்குப் பதில் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது என்று அவளுடைய ஆசிரியர்கள் சொல்வார்கள். போன மாதம் அவள் தாயின் மணிக்கட்டு வீங்கி, ஆலையின் மருத்துவ அறையில் ஒரு வலி மாத்திரையைக் கொடுத்துத் திரும்ப வேலைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். இவள் கூடப் போயிருந்தாள். குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சில கேள்விகள் கேட்டிருக்கிறாள். அன்று மாலைக்குள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் கீறல் என்று கண்டு, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை அந்தத் தாய் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார், சந்தோஷத்தில்.

அழுத்தம் இல்லாத விளையாட்டு எது ஐயா? சென்ற பருவத்தில் நம் கால்பந்தில் இரண்டு பையன்களின் முழங்கால் போயிற்று. எந்த உத்தரவும் வரவில்லை, உறைபனி மைதானத்தில் நாமெல்லாம் நின்று கத்தினோம், நானும் கத்தினேன். பிள்ளைகளின் உடல்நலத்தில் உண்மையான அக்கறை என்றால், போட்டி முடிந்து ஞாயிறு விடிய வந்து சேரும் பிள்ளைகளுக்குத் திங்கள்கிழமை காலை கணக்குத் தேர்வு வைப்பதை நிறுத்தச் சொல்லலாம். திருமதி வைகல் ஒற்றை ஆளாக வேனும் ஓட்டி, பாடமும் நடத்தி, வாந்தியும் துடைக்கிறார், அவருக்கு ஓர் உதவியாளரைத் தரலாம். வாயைக் கட்டுவதால் யாருடைய வயிற்று வலியும் குணமாகாது.

7. இப்போது என்ன நடக்கப்போகிறது என்பதைத் தங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை. உத்தரவு வந்ததும் திருமதி வைகல் இரண்டு பெண்களையும் அழைத்து, போவதா வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். என் மகள் வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னாள். நான் சத்தம் போடுவேன் என்று நினைத்துக் கதவருகிலேயே நின்று சொன்னாள்.

"போறோம்ப்பா. பேசக் கூடாதுன்னுதானே உத்தரவு? நிக்கக் கூடாதுன்னு இல்லையே."

தாங்கள் தடை செய்த தரப்பு விழும் சுற்றுகளில் டெலேனி தன் முறை வரும்போது எழுந்து நிற்பாள். கடிகாரத்தை ஓடவிடுவார்கள். எட்டு நிமிடமும் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு உட்காருவாள். பிறகு இட்செல் எழுந்து அவளுடைய எட்டு நிமிடத்தை நிற்பாள். எதிரே இருக்கும் பிள்ளைகள் தாளை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களுக்கு எழுத ஒன்றும் இருக்காது. நடுவர் காரணம் கேட்டால் தங்கள் உத்தரவின் நகல் கொடுக்கப்படும். இது மிரட்டல் அல்ல. இரண்டு பேரும் எங்கள் சமையலறையில் நின்று பழகிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று நான் காபி எடுக்கப் போனபோது இட்செல் மேசைக்கு முன்னால் கையைக் கட்டாமல் நேராக நின்றுகொண்டிருந்தாள், என் மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசித் தள்ளுவதற்காகவே நாலு வருடம் பாடுபட்ட பிள்ளைகள், பேசாமல் நிற்கப் பயிற்சி செய்கிறார்கள். காபி எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். பார்க்க முடியவில்லை ஐயா.

இவர்கள் சொன்னால் செய்வார்கள். இவர்களுக்கு இது கடைசி ஆண்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை.

8. ஆகவே நான் கோருவது இதுதான். தங்கள் உத்தரவை வியாழக்கிழமை மாலைக்குள் திரும்பப் பெற்று, திருமதி வைகலுக்குத் தகவல் தர வேண்டும். எழுத்தில் தர நேரமில்லை என்றால் தொலைபேசியில் சொன்னாலும் போதும். திரு. ஊன்ரூ கேட்டால், பாதிக்கப்பட்ட கிணறுகளின் சொந்தக்காரனுக்கே ஆட்சேபணை இல்லை என்று இந்த மனுவைக் காட்டுங்கள். என் போர்கள், என் பெண், என் மானம். மூன்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் பேசுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் தங்கள் கையில் இருக்கிறது.

தாங்களும் ஒரு சுற்றாவது வந்து பார்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் வரலாம். என் லாரியில் இடம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுவரில் தாள் ஒட்டுவார்கள். முதல் சுற்றில் எந்தத் தரப்பு விழும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. என்னைத் தோற்கடிக்கிற தரப்பாகவே விழட்டும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு என் மகளின் குரல் கேட்க வேண்டும்.

தங்கள் பதிலுக்குத் தொலைபேசி அருகிலேயே இருக்கும்,

(ஒப்பம்)
கிளீட்டஸ் டிரைலிங்
டெலேனியின் தகப்பன்

இடம்: ஆல்டன்ஃபெல்ட்
நாள்: 10 ஜனவரி 2022